டேங்கில் உள்ள வரிசை எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்: பெகாசஸ், 120ஆம் ஆண்டு 650 சரிபார்க்கும் முறை

ராயல் என்ஃபீல்டு குறைந்த எண்ணிக்கையில் செய்து, டேங்க் மேல் வரிசை எண் போட்டு விற்ற லிமிடெட் எடிஷன் வண்டிகளில் செகண்ட் ஹேண்டில் எங்களிடம் அதிகம் விசாரிக்கப்படுபவை இரண்டு: 2018இல் வந்த கிளாசிக் 500 பெகாசஸ், 2021இல் வந்த 120ஆம் ஆண்டு நிறைவு 650. இவற்றைச் சரிபார்த்துப் பெயர் மாற்றும் வேலையில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

பெகாசஸ் கணக்கு எளிது. உலகம் முழுவதற்கும் 1,000. அதில் இந்தியாவுக்கு 250, பிரிட்டனுக்கு 190. இங்கே ஜூலை 25 அன்று ஆன்லைன் விற்பனை திறந்து 178 விநாடியில் அத்தனையும் தீர்ந்தது. 650 கணக்கில்தான் பலரும் குழம்புகிறார்கள். மொத்தம் 480. இந்தியா, ஐரோப்பா, வட-தென் அமெரிக்கா, தென்கிழக்கு ஆசியா என நான்கு பகுதிகளுக்குத் தலா 120. ஒவ்வொரு 120லும் இன்டர்செப்டர் மாடல் 60, கான்டினென்டல் ஜிடி மாடல் 60. டேங்க் மேல் இருக்கும் எண் 480 வரை ஓடுவதில்லை. அந்தப் பகுதிக்கு வந்த அந்த மாடலின் 60இல் இது எத்தனையாவது என்பதைத்தான் சொல்கிறது. எனவே எண்ணோடு மாடலும் பகுதியும் சேர்ந்தால்தான் எந்த வண்டி என்று தீரும். ஐரோப்பாவில் அதே எண்ணுள்ள வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, கையில் இருப்பது போலி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். டேங்கில் உள்ள எண்ணுக்கு ஆர்.டி.ஓ. ஆவணங்களில் இடமில்லை. ஆர்.சி.யில் இருப்பது சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும்தான். டேங்கோ சில நிமிடங்களில் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டக்கூடிய பொருள். டேங்க் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஒன்றாக இணைத்துக் காட்டும் சான்று இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. முதல் உரிமையாளரின் இன்வாய்ஸ், டெலிவரி அன்று எடுத்த படங்கள், முதல் வருட இன்சூரன்ஸ் பாலிசி மூன்றையும் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். இவை இல்லாத வண்டிக்கு லிமிடெட் எடிஷன் விலை தரவே கூடாது என்பது எங்கள் கருத்து.

பெகாசஸில் போலியைப் பிடிக்க இரண்டு வழிகள் நன்றாக உதவும். உலகச் சந்தைக்கு சர்வீஸ் பிரவுன், ஆலிவ் பச்சை என இரண்டு நிறங்கள். ஆலிவ் பச்சை இந்தியாவில் விற்கப்படவில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 121இன்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. ஆகவே இந்தியப் பதிவெண்ணோடு பச்சைப் பெகாசஸ் வந்தால் அது பெயிண்ட் மாற்றிய வண்டி. சட்டச் சிக்கலும் கூடவே வரும். அடுத்தது ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. இந்தியாவுக்கான பெகாசஸில் ஏபிஎஸ் கிடையாது. மீட்டரில் ஏபிஎஸ் விளக்கோ, சக்கரத்தில் டிஸ்க்கை ஒட்டித் துளைகள் கொண்ட சென்சார் வளையமோ தெரிந்தால், பின்னால் வந்த சாதாரண கிளாசிக் 500இல் பெகாசஸ் டேங்க் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம்.

650இல் பார்க்க வேண்டியது டேங்கில் உள்ள பித்தளைப் பேட்ஜ். கும்பகோணத்தில் கோயில்களுக்குப் பித்தளைச் சிற்பங்கள் செய்யும் சிற்பி செந்தில் குடும்பத்தார் கையால் செய்தவை இவை. டேங்கின் கருப்பு குரோம் பூச்சுக்கான வேலை நடந்தது ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையில். டேங்க், பக்கவாட்டுப் பேனல்களில் உள்ள கோடுகள் கையால் வரைந்தவை. ஸ்டிக்கர் கோடு என்றால் ஓரத்தில் நகம் தட்டும், அகலம் கடைசிவரை ஒரே மாதிரி இருக்கும். கையால் இழுத்த கோட்டில் தொடங்கும் இடமும் முடியும் இடமும் துளி மெலிந்திருக்கும். பேட்ஜைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள், பாலிஷும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணி போதும்.

சேஸிஸ் எண்ணுக்கு வருவோம். ஹேண்டிலை முழுக்கத் திருப்பி ஸ்டீயரிங் தலைப்பகுதியைப் பாருங்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் கிரீஸைத் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டிப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும். 17 இலக்கம், தொடக்கம் எம்-இ-3. அதில் ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வராது. ஆர்.சி.யில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ அடித்திருப்பது உண்டு. விற்பவர் பெயரில் இருக்கும்போதே திருத்திவிடுவது நல்லது. எழுத்துகளின் ஆழம் ஏறி இறங்கினாலோ, சுற்றி அரம் போட்ட கீறல் தெரிந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் தடித்திருந்தாலோ பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. லோன் இருந்திருந்தால், அது தீர்ந்தது என்ற வங்கிக் கடிதத்தோடு படிவம் 35. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28இல் பழைய ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்று (என்ஓசி), இங்கே மறுபதிவு, மறுபடியும் ஆயுள் வரி. இந்த வரியைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசி மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இன்சூரன்ஸைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் வைக்கும் காப்பீட்டு மதிப்பான ஐடிவி, லிமிடெட் எடிஷன் என்பதற்கான மதிப்பைப் பார்ப்பதில்லை. ஐந்து வருடம் கடந்த வண்டிக்கு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதுதான் ஐடிவி. பெகாசஸ் அந்த வயதைத் தாண்டிவிட்டது. டேங்க் எண், சேஸிஸ் எண் படங்களோடு மதிப்பீட்டாளர் அறிக்கையும் கொடுத்து, தொகையை எழுத்தில் வாங்கிய பிறகு பிரீமியம் கட்டுங்கள்.