அமுச்சி சொன்னால் அவுட்

போன ஐபிஎல் சீசனில் ஒரு ராத்திரி. அக்கா பையன் செல்போனிலிருந்து மேட்சை டிவிக்கு ஏற்றிவிட்டிருந்தான். பந்து போடுகிறவர் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. பேன்ட்டில் பந்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வெளித்திண்ணையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி), தலையைத் தூக்காமலே "அவுட்டு" என்றார்.

அரை நிமிஷம் கழித்து ஸ்டம்ப் பறந்தது.

பையன் என்னைப் பார்த்தான். நான் சாமி படத்தைப் பார்த்தேன். ஏனென்றால் டிவி விஷயத்தில் அமுச்சியின் பழைய கணக்கு எனக்குத் தெரியும்.

பொள்ளாச்சிக்கு மேற்கே, கோபாலபுரம் செக்போஸ்ட்டை ஒட்டி எங்கள் தோப்பு. வாய்க்காலைத் தாண்டினால் கேரளா. சின்ன வயதில் வீட்டில் ஒரு சாலிடேர் டிவிப் பெட்டி இருந்தது. கொடைக்கானலைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்ப ஓட்டின் மேல் ஓர் ஆள், "தெரியுது, தெரியுது, போச்சு" என்று கத்த வாசலில் ஓர் ஆள். அப்புறம் மேட்ச். ஓர் ஓவர் பேட்ஸ்மேனின் முகம் தெரியும், அடுத்த ஓவர் அவர் முதுகுதான். கேமரா ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் டிவி முதலாளி கெரி பாக்கர் 1977இலேயே இரண்டு முனையிலும் கேமரா வைத்துவிட்டார் என்பதெல்லாம் எங்கள் தோப்புக்கு எட்டவில்லை.

அமுச்சிக்கு முதுகு பிரச்சினையில்லை. ரீப்ளேதான் பிரச்சினை. கவாஸ்கர் ஒரு தடவை அவுட்டானால், மெதுவாக ஒரு தடவை, இன்னும் மெதுவாக ஒரு தடவை. "ஏங்கண்ணு, மூணு பேரு போயிட்டாங்களே, இனி எங்க ஜெயிக்கறது?" என்று எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

சிரித்திருக்கக் கூடாது. 1963 டிசம்பரில் அமெரிக்காவில் டோனி வெர்னா என்பவர் ஆர்மி - நேவி கால்பந்துப் போட்டியில், அவர்கள் ஊர்க் கால்பந்துதான், முதல் தடவையாக உடனடி ரீப்ளே போட்டபோது, 'இது நேரலை இல்லை, ஆர்மி மறுபடியும் பாயிண்ட் எடுக்கவில்லை' என்று வர்ணனையாளரே கத்தி விளக்க வேண்டியிருந்ததாம். இதைப் படித்த அன்றைக்கே அமுச்சியிடம் சொன்னேன். "நான் சொன்னப்ப மட்டும் சிரிச்சீங்க" என்று முறத்தைத் தட்டினார்.

கார் ரேஸ் வந்தது 2005இல். எங்கள் பக்கம் ரேஸ் என்றால் ரேக்ளாதான். 200 மீட்டர், 300 மீட்டர், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் கோயமுத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டுகிறார் என்றதும் தோப்பே மோட்டார் நிபுணராகிவிட்டது. ஜூன் 19, இண்டியானாபோலிஸ். நம் நேரத்துக்கு நள்ளிரவை நெருங்கித்தான் ஆரம்பம். பக்கத்துத் தோப்புக்காரர்கள், தேங்காய் லோடு லாரி டிரைவர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சேட்டன் எல்லாரும் வந்துவிட்டார்கள். அமுச்சி சுக்குக் காப்பி போட்டார்.

காருக்குள்ளிருந்தே காட்டினார்கள். "அந்தத் தம்பி தலைக்குப் பின்னாடி உக்காந்து யாரு படம் புடிக்கறது? விழுந்துர மாட்டானா?" ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் ரேஸில் 1979இலேயே காருக்குள் கேமரா வைத்து நேரலையாகக் காட்டியிருக்கிறார்கள், ஆள் உட்கார வேண்டாம் என்று விளக்கினேன். நம்பவில்லை.

இருபது கார்கள் ஒரு சுற்று வந்தன. திடீரென்று பதினாலு கார்கள் வரிசையாக உள்ளே போய்விட்டன. "டீசல் போடவா?" என்றார் லாரி டிரைவர். மிஷலின் டயர் அந்த ட்ராக்கின் சாய்வான வளைவைத் தாங்காது என்று அந்த டயர் போட்ட எல்லாருமே ஒதுங்கிவிட்டார்கள். மீதி ஆறு கார். அமுச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பதினாலு ஜோடி மாட்டக் கழட்டிட்டுப் போனப்புறம் என்ன ரேஸு" என்று படுத்துவிட்டார். நாங்கள் கடைசி வரை உட்கார்ந்திருந்தோம். நரேன் நான்காவது. ஐந்து பாயிண்ட். ஃபார்முலா ஒன்னில் பாயிண்ட் எடுத்த முதல் இந்தியர். ஆறு பேரில் நான்காவது என்ற விவரத்தை மறுநாள் டீக்கடையில் நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அந்தப் பெருமையில் இன்னமும் இருக்கிற எனக்குத்தான், இப்போது அமுச்சி தொண்ணூறு வயதில் பந்துக்கு முன்னால் விக்கெட் சொல்கிறார். இரண்டாவது தடவையும் சரியாக இருந்தது. மூன்றாவது தடவை "சிக்ஸரு" என்றதும் பையன் திண்ணைக்கே போய்விட்டான்.

நானும் போனேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சேட்டன் வீட்டு ஜன்னலில் நீல வெளிச்சம். "போயி!" என்று ஓர் அலறல். அமுச்சி எங்களைப் பார்த்து, "அவுட்டு" என்றார்.

விஷயம் இதுதான். சேட்டனுக்குக் கேபிள். எங்களுக்கு நெட். நெட்டில் படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பி, போன் அதைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு காட்டுவதற்குள் அங்கே விக்கெட் விழுந்து, அடுத்த ஆள் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். மாசாமாசம் காசு கட்டி, ஃபைவ் ஜி வாங்கி, பழைய செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பையன் உள்ளே போகவே இல்லை. திண்ணையிலேயே உட்கார்ந்து அமுச்சியோடு அவரைக்காய் ஆய ஆரம்பித்தான். கடைசி ஓவர். ஆறு பந்தில் ஒன்பது ரன். "அமுச்சி, ஜெயிச்சுருவாங்களா?"

அமுச்சி காதைக் கூர்மையாக்கினார். சேட்டன் வீட்டிலிருந்து சத்தமே இல்லை. ஜன்னலில் வெளிச்சமும் இல்லை.

"அங்க கரண்ட் போயிருச்சு சாமி. இனி எனக்கு ஒண்ணுந் தெரியாது, போயி டிவியில பாத்துக்க."