தண்டவாளம் அரசுடையது, பெட்டி வாடகைக்கு

2025 மே 25 ஞாயிறு அதிகாலை 5.36-க்கு வோக்கிங் நிலையத்திலிருந்து லண்டன் வாட்டர்லூவுக்குப் புறப்பட்ட வண்டிதான், இங்கிலாந்தில் தனியார் ஓட்டிவந்த சவுத் வெஸ்டர்ன் ரயில்வே அரசின் கைக்கு வந்தபின் ஓடிய முதல் ரயில். பாதையில் பராமரிப்பு வேலை நடந்ததால், பயணிகள் சர்பிட்டனில் இறங்கி மீதித் தொலைவைப் பேருந்தில் கடக்க வேண்டியிருந்தது. செய்தியைப் படித்தபோது நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பாதை அன்று புதிதாக அரசிடம் வந்ததல்ல. தண்டவாளங்களை வைத்திருந்த, பங்குச் சந்தையில் விற்கப்பட்ட ரயில்டிராக் நிறுவனம், 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டில் விரிசல் கண்ட தண்டவாளம் உடைந்து நால்வர் இறந்த விபத்துக்குப் பின் ஓராண்டில் நொடித்துப்போக, இன்று அரசின் கையிலுள்ள நெட்வொர்க் ரயில் 2002-இல் அதன் பொறுப்பை ஏற்றது.

எனக்கு விசித்திரமாகப் படுவது 1993-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம்தான். வண்டி ஓட்டும் உரிமத்துக்கு பிரிட்டனின் பொதுத்துறை போட்டியிடக் கூடாது என்ற அச்சட்டம், அயல்நாட்டு அரசுகளைத் தடுக்கவில்லை. ஆகவே நெதர்லாந்து அரசு ரயில்வேயின் அபெல்லியோவும், ஜெர்மன் அரசு ரயில்வே வாங்கிய அரைவாவும், இத்தாலிய அரசின் டிரெனிடாலியாவும் இங்கிலாந்தில் ரயில் ஓட்டின. சொந்த வீட்டுக்காரர் மட்டும் வாசலில் நின்றார்! தனியார் கைவிட்ட தடங்களை மட்டும், 2009-லும் 2018-லும் லண்டனையும் எடின்பரோவையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைத் தடத்தில் நடந்ததுபோல, அரசே ஏற்று ஓட்ட வேண்டியதாயிற்று.

2024 நவம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. நிறுவனங்களை விலை கொடுத்து வாங்காமல், ஒப்பந்தங்கள் முடிய முடியச் சேவைகளை அரசு எடுத்துக்கொள்கிறது. இழப்பீட்டுச் சுமையைத் தவிர்க்கும் இந்த வழி மெதுவானதென்றாலும் புத்திசாலித்தனமானது என்றே கருதுகிறேன்.

ஆனால் பெட்டிகள் இச்சட்டத்துக்குள் வரவில்லை. பழைய அரசு நிறுவனமான பிரிட்டிஷ் ரயிலின் பெட்டிகளைத் தொண்ணூறுகளில் ஏஞ்சல், எவர்ஷோல்ட், போர்ட்டர்புரூக் என மூன்று குத்தகை நிறுவனங்களாகப் பிரித்து விற்றார்கள். சில ஆண்டுகளிலேயே அவை கூடுதல் விலைக்குக் கைமாறின. முன்பு ரயில் ஓட்டிய தனியார் நிறுவனங்கள் கட்டிய வாடகையை இப்போது அரசு நிறுவனம் கட்டுகிறது. 2025 ஜூலையில் சி டூ சி, அக்டோபரில் கிரேட்டர் ஆங்கிலியா ஆகிய ரயில் சேவைகள் அரசிடம் வந்தபோதும், அவற்றின் பெட்டிகளுக்கான குத்தகை தொடர்ந்தது.