ஜீப்புக்கு கமான் கட்டும்போது நான் பாக்குறது

கடலூர்ல கேப்பர் மலை பக்கம் வண்டி இறக்கிப் பாத்தவங்களுக்கு தெரியும், மலைன்னு பேருதானே தவிர பெரிய உசரமெல்லாம் கிடையாது, ஆனா வருசா வருசம் ஐப்பசி கார்த்திகை மழை அறுத்து அறுத்து விட்ட செம்மண் ஓடைங்க இருக்கு பாருங்க, அதுல ஒரு ஜீப்ப குறுக்கால விட்டா அந்த வண்டியோட கமான், அதாவது இரும்புப் பட்டைய அடுக்கி கட்டுற லீஃப் ஸ்பிரிங், எப்படிப்பட்டதுன்னு ரெண்டே நிமிசத்துல தெரிஞ்சிடும். முன்னாடி இடது சக்கரம் கரை மேல ஏறும், அதே நேரத்துல பின்னாடி வலது சக்கரமும் மேட்டுல நிக்கும், மிச்ச ரெண்டும் பள்ளத்து மேல தொங்கும். கமான் வளைஞ்சு குடுத்தா தொங்குற சக்கரம் கீழ இறங்கி மண்ண தொடும், வண்டி மெதுவா ஊர்ந்து ஏறிடும். குடுக்கலன்னா அந்த ரெண்டும் காத்துல சுத்தும், ஏன்னா ரெண்டு பக்க சக்கரத்துக்கும் சக்திய பிரிச்சு குடுக்குற சாதாரண டிஃபரென்ஷியல் பிடிமானம் இல்லாத பக்கத்தத்தான் சுத்த விடும், ஃபோர் வீல் போட்டிருந்தாலும் முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும், வண்டி நின்ன இடத்துலயே நிக்கும்.

இத ஏன் முதல்ல சொல்றேன்னா, பழைய ஜீப் வாங்குற பசங்க எல்லாரும் என்கிட்ட கேக்குற முதல் கேள்வி "எத்தன இன்ச் தூக்கலாம்ணே"ங்கறதுதான். நான் திருப்பி கேக்குறது ஒண்ணுதான், உன் சக்கரம் எவ்ளோ தூரம் கீழ இறங்கும்? உசரம் கல்லு இடிக்காம காப்பாத்தும், அது வேணும்தான், ஆனா வண்டிய நகர்த்துறது மண்ண விடாம பிடிச்சிருக்கற சக்கரம். உசரத்துக்காக நல்லா வில்லு மாதிரி வளைச்சு, தடிச்ச பட்டையா அடுக்கி கட்டுன கமான் வண்டிய போட்டோல அழகா காட்டும், ஓடைல இறங்குனா கட்டை மாதிரி நிக்கும்.

நான் பேசுறது நாலு பக்கமும் கமான் இருக்குற வண்டிங்கள பத்தி, மஹிந்திரா எம்எம்540, மேஜர், 1985ல வந்த மாருதி ஜிப்ஸி இந்த மாதிரி. 2010ல வந்த பழைய தார் சிஆர்டிஇ மாடல்ல முன்னாடி டார்ஷன் பார்ங்கற முறுக்குக் கம்பி, பின்னாடி மட்டும்தான் கமான், அதனால அதுக்கு பாதி விசயம் பொருந்தும். 2020 தார், இப்ப வர்ற ஜிம்னி ரெண்டும் காயில் ஸ்பிரிங், அவங்க இத விட்டுடலாம்.

சரி, கமான் எதனால வளையுது எதனால வளையலங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு, இது தெரிஞ்சா கடைக்காரர் என்ன சொன்னாலும் நாம தெளிவா இருக்கலாம். பட்டையோட கனம்தான் ராஜா. கனம் ரெண்டு மடங்கு ஆனா விறைப்பு எட்டு மடங்கு ஆகும், ஏன்னா கனத்த மூணு தடவ பெருக்கணும். ஆனா தாங்குற பலம் நாலு மடங்குதான் ஏறும், அது ரெண்டு தடவ பெருக்குறது. இப்ப ஒரே நீளம் ஒரே அகலத்துல 8 மில்லி பட்டை 5 போட்ட ஒரு கமானையும் 6 மில்லி பட்டை 10 போட்ட ஒரு கமானையும் எடுத்துக்கங்க. விறைப்புக்கு 8 மூணு தடவ பெருக்குனா, 8 இன்ட்டு 8 இன்ட்டு 8, 512, அத அஞ்சால பெருக்குனா 2560. 6 மூணு தடவ 216, பத்தால பெருக்குனா 2160. பத்து பட்டை போட்டதுதான் மெத்துனு இருக்கு! பலத்துக்கு பாருங்க, 64 இன்ட்டு 5, 320. 36 இன்ட்டு 10, 360. அதாவது மெத்துனும் இருக்கு, கூடவே பலமும் அதிகம். எனக்கு இந்த கணக்கு முதல்ல புரிஞ்சப்ப அவ்ளோ சந்தோசமா இருந்துச்சு, பட்டை எண்ணிக்கை கூடுனா வண்டி விறைக்கும்னு ஊர்ல எல்லாரும் சொல்லிட்டு இருக்காங்க, எண்ணிக்கை மட்டும் இல்ல, கனம்தான் பெரிய விசயம். மெல்லிசு பட்டைக்கு இன்னொரு நல்லது, அதே அளவு வளைஞ்சாலும் அதுக்குள்ள ஏறுற அழுத்தம் கம்மி, அதனால சீக்கிரம் படுத்துடாது.

நம்ம பக்கம் கமான் பட்டறைங்க எல்லாம் லாரிய நம்பி இருக்கறதுங்க, நெய்வேலி போற வர்ற வண்டி, கரும்பு லோடு, கல் லோடு. நான் வேலை குடுக்குற பட்டறை அண்ணன்கிட்ட இத சொன்னப்ப, "தம்பி, கனமா நாலு பட்டை போட்டா ஆயுசுக்கும் வராது, ஏன் பத்து கேக்குற"ன்னாரு. "லாரிக்கு அது சரிண்ணே, டன் கணக்குல ஏத்துறீங்க, இது காலி ஜீப்புண்ணே, வளையணும்ணே"ன்னு சொல்லி கணக்க பேப்பர்ல போட்டு காமிச்சேன். மனுசன் கொஞ்ச நேரம் பாத்துட்டு, அப்ப நுனிய எல்லாம் சீவி குடுக்குறேன், பட்டை மேல பட்டை கடிக்காதுன்னு அவராவே சொன்னாரு. அதுதான் கைவேலை தெரிஞ்ச ஆளு. பட்டை அதிகமானா ஒண்ணோட ஒண்ணு உரசுறதும் அதிகமாகும், நுனிய சாய்ச்சு சீவி, நுனிக்கு நடுவுல வழுவழு பேடு வச்சா அந்த பிரச்சன போயிடும்.

நீளமும் அதே மாதிரி மூணு தடவ பெருக்குற கணக்குதான், ஆனா தலைகீழா. மத்ததெல்லாம் அப்படியே இருந்து நீளம் மட்டும் பத்துல ஒரு பங்கு கூடுனா விறைப்பு ஏறக்குறைய கால்வாசி கொறையும். இடம் இருந்தா நீளமான, நேரா படுத்த மாதிரி கமான்தான் என் முதல் சாய்ஸ். வண்டி லோடோட நிக்கும்போது கமான் கிட்டத்தட்ட நேரா, லேசா மட்டும் வளைஞ்சு இருக்கணும், அப்பதான் மேல போகவும் இடம் கீழ இறங்கவும் இடம் இருக்கும்.

லோடுன்னதும் ஞாபகம் வருது, தயவு செஞ்சு கமான் ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி எடை மேடைக்கு போங்க. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வண்டிக்காகவே எடை மேடை இருக்கு. நீங்க எப்படி வெளிய போவீங்களோ அப்படியே டேங்க் ஃபுல், டூல்ஸ், தண்ணி கேன், ஆளுங்க எல்லாத்தோடயும் போய் முன் சக்கரத்த மட்டும் ஏத்தி ஒரு எடை, பின் சக்கரத்த மட்டும் ஏத்தி ஒரு எடை. அதுல ஆக்ஸில், சக்கரம் வெயிட்ட கழிச்சு ரெண்டால வகுத்தா ஒரு கமான் தாங்க வேண்டியது என்னன்னு கைல வந்துடும். ஜிப்ஸியே மொத்தம் சுமார் 1000 கிலோதான், அதுல முன்னாடி இரும்பு பம்பர், வண்டிய இழுக்கற வின்ச்னு 70, 80 கிலோ போட்டா எவ்ளோ பெரிய மாத்தம்னு யோசிங்க. அந்த எடை தெரியாம கட்டுன கமான் ஒண்ணு குத்தும், இல்ல படுத்துடும்.

இப்ப கமானோட ரெண்டு முனைக்கு வருவோம். நல்ல பட்டை போட்டும் வண்டி வளையலன்னா பெரும்பாலும் தப்பு ஷேக்கிள்லயோ புஷ்லயோ கிளிப்லயோ இருக்கும். ஷேக்கிள்னா கமான் முனைய சேசிஸ்ல மாட்டுற, ஆடுற இணைப்பு, புஷ்னா கமான் கண்ணுக்குள்ள, அதாவது முனைல சுருட்டுன ஓட்டைக்குள்ள, போற உருளை, கிளிப்புன்னா பட்டைங்கள சேத்துப் பிடிக்கற வளையம். கமான் நிமிரும்போது நீளும், அந்த நீளத்துக்கு ஷேக்கிள் ஆடி இடம் குடுக்கணும், அதனால வண்டி நிக்கும்போது ஷேக்கிள் கொஞ்சம் சாய்ஞ்சு, ரெண்டு பக்கமும் ஆட இடத்தோட இருக்கணும். சில பேரு சல்லிசா தூக்கறதுக்கு நீள ஷேக்கிள் போட்டுடறாங்க. பழைய ஜீப், ஜிப்ஸில முன் கமானோட ஷேக்கிள் முன்பக்கம் இருக்குங்கறதால, அது நீண்டா ஆக்ஸில் முன்னாடி சாய்ஞ்சு காஸ்டர், அதாவது ஸ்டியரிங்க நேரா நிக்க வைக்கற சாய்மானம், கொறையும், அப்பறம் ஈசிஆர்ல 70ல போனாலே ஸ்டியரிங் அலையும். ஆப்பு மாதிரி ஸ்டீல் ஷிம் வச்சு அத சரி பண்ணலாம், அலுமினியம் ஷிம் வேணாம், வெடிச்சிடும். புஷ் விசயத்துல நான் ரப்பர் கட்சி. ஓடைல ஆக்ஸில் சாயும்போது பட்டை முறுக்கிக்கும், ரப்பர் அந்த முறுக்குக்கு இடம் குடுக்கும், பாலியூரிதேன் ரொம்ப நாள் உழைக்கும் ஆனா விறைப்பு. கிளிப்ப சுத்தமா கழட்டி போடறவங்களும் உண்டு, அது கூடாது, சக்கரம் தொங்கும்போது மொத்த பாரமும் கண்ணு இருக்குற மெயின் பட்டை மேல விழும். லூசா, பட்டை வழுக்கிப் போற அளவுக்கு இருந்தா போதும். மெயின் பட்டை கண்ண ரெண்டாவது பட்டையும் சுத்தி வளைச்சு போடுவாங்களே, மிலிட்டரி ராப்னு, அத நான் கண்டிப்பா கேட்டு வாங்குவேன், ஆனா இறுக்கமா இல்லாம நடுவுல இடைவெளி விட்டு. காட்டுக்குள்ள மெயின் பட்டை உடைஞ்சாலும் ஆக்ஸில் கழண்டு போகாம வீடு வரைக்கும் வந்துடலாம்.

மெத்துனு கமானுக்கு ஒரு விலை உண்டு. ஆக்ஸிலேட்டர் அழுத்தும்போது ஆக்ஸில் திரும்பப் பாக்கும், கமான் எஸ் மாதிரி முறுக்கிக்கும், சக்கரம் குதிக்கும். கமான ஆக்ஸிலுக்கு கீழ இருந்து மேல மாத்தி கட்டறவங்களுக்கு இது இன்னும் அதிகம், அஞ்சு இன்ச் பக்கம் உசரம் கிடைக்கும், பழைய நேரான பட்டையே போதும், நல்லா வளையும், எல்லாம் உண்மை, ஆனா ஆக்ஸில் திரும்பாம பிடிக்கற ட்ராக்ஷன் பார் போடாம அத செய்யாதீங்க, ஸ்டியரிங் ராடு கோணமும் மாறும். அதே மாதிரி ஷாக் அப்சார்பர் நீளம் பத்தலன்னா கமான் இறங்க தயாரா இருந்தும் ஷாக் பிடிச்சு நிறுத்திடும். பிரேக் ஹோஸ் இன்னும் முக்கியம். சக்கரம் முழுசா தொங்கும்போது ஹோஸ் தளர்வா இருக்கான்னு ஜாக்கில தூக்கி ரெண்டு பக்கமும் பாருங்க, அது அறுந்தா சரிவுல பிரேக் இருக்காது.

அப்பறம் நம்ம ஊருக்குன்னே ஒரு எதிரி, உப்புக் காத்து. தேவனாம்பட்டினம் கரைல வண்டி ஓட்டுறது இல்ல நான், ஓட்டவும் கூடாது, ஜனவரி பிப்ரவரில ஆமை வந்து முட்டை போடுற கரை அது. ஆனா கடலூர்லயும் பாண்டிச்சேரிலயும் வீட்டு வாசல்ல நிறுத்துனாலே உப்பு பட்டை இடுக்குல போய் உக்காந்துடும். துரு ஏறுன பட்டை வழுக்காது, ஒட்டிக்கும், பத்து பட்டையும் சேந்து ஒரே தடி பட்டையா ஆயிடும், மேல சொன்ன கணக்கெல்லாம் போச்சு. துரு அரிச்ச குழிலேர்ந்துதான் வெடிப்பும் ஆரம்பிக்கும். மழைக்கு அப்பறம் ஒரு தடவ கமான கழட்டி, பட்டைய தனித்தனியா பிரிச்சு, துரு சுரண்டி, கிராஃபைட் பெயின்ட் அடிச்சு கட்டுறது நல்லது. சாதா கிரீஸ் தடவாதீங்க, மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அறுத்துடும். பட்டைக்கு பக்கத்துல வெல்டிங் வைக்க விடவே விடாதீங்க, சூட்டுல டெம்பர், அதாவது இரும்போட பதம், போயிடும், அங்கதான் உடையும்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தறத கட்டுப்படுத்துது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அத உறுதியா சொல்லிடுச்சு. டிஎன் வண்டியோ பிஒய் வண்டியோ, பெரிசா எதாவது மாத்தற எண்ணம் இருந்தா ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு கை வைங்க.

காசு கம்மியா இருக்கா, புது கமானுக்கு ஓடாதீங்க. இருக்கறத பிரிச்சு சுத்தம் பண்ணுங்க, ரப்பர் புஷ் புதுசு போடுங்க, நீளம் சரியான ஷாக் போடுங்க, கமான ஆக்ஸிலோட கட்டுற யூ போல்ட்ட மட்டும் பழசு போடாம புதுசு வாங்கி இறுக்குங்க, சில நூறு கிலோமீட்டர் ஓடுனதும் திரும்பவும் இறுக்கணும், ஏன்னா அது தளர்ந்தா பட்டைங்கள நடுவுல கோக்குற சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் பின்னாடி நகந்துடும். அப்பறம் ஒரு முன் சக்கரத்த மட்டும் சரிவான மேட்டுல ஏத்திக்கிட்டே போங்க, மத்த மூணுல எதாவது ஒண்ணு தரைய விடுற வரைக்கும், ஏறுன தூரத்த டேப் வச்சு அளந்து எழுதி வைங்க. புது பட்டை வேணுமா வேணாமான்னு அதுக்கப்பறம் பட்டறைல போய் பேசலாம்.