பேஸ்மென்டில் தூங்குகிறவர்களுக்கும் ஓர் அலார்ம்

2025 நவம்பர் 2, ஞாயிறு

மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பும் நாள். புகை அலார்ம்களுக்குப் பற்றரி மாற்றுவதும் எங்கள் வீட்டில் இன்றைக்குத்தான். இந்த முறை இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவின் தீயணைப்பு விதிகள் மாறுகின்றன. காஸில் ஓடி வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸோ, கணப்போ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் மட்டும் காபன் மொனொக்சைட் (எரிபொருள் சரியாக எரியாதபோது உண்டாகும் நச்சு வாயு) அலார்ம் வைத்தால் போதாது. படுக்கையறை இல்லாத தளம் உட்பட, வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும்.

ஸ்காபரோவில் நமது ஆட்களின் வீடுகள் பலவற்றைப் போல எங்களதும்: மேலே நாங்கள், கீழே பேஸ்மென்டில் வாடகைக்கு ஒரு குடும்பம். தம்பி, தங்கச்சி என்று நான் கூப்பிடும் கணவனும் மனைவியும், ஒரு கைக்குழந்தையும். ஃபர்னஸும் சுடுநீர்த் தாங்கியும் அவர்களுடைய குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம். அதாவது, ஏதாவது பழுதானால் முதலில் மூச்சில் வாங்கப்போவது வீட்டுக்காரர் அல்ல, வாடகைக்கு இருப்பவர்கள். அவர்களுடைய அலார்மின் பின்பக்கத் திகதியைப் பார்த்தேன். அடுத்த வருடத்தோடு முடிகிறது. அதுவரை காத்திருக்கப் போவதில்லை, இப்போதே மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

கடைக்குப் போய்ப் பெட்டிகளைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது: வாயு பட்ட உடனே இந்த அலார்ம் அலறாது. எவ்வளவு வாயு, எவ்வளவு நேரம் என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் அலறும். பிபிஎம் என்பது பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற அளவு. 70 பிபிஎம் இருந்தால் 1 முதல் 4 மணித்தியாலத்துக்குள் அலற வேண்டும். 150 என்றால் 10 முதல் 50 நிமிடம். 400 என்றால் 4 முதல் 15 நிமிடம். 30 பிபிஎம்மில் நாட்கணக்காகப் பேசாமலே இருக்கலாம்.

ஆரோக்கியமான ஒரு பெரியவரின் உடம்பை மனதில் வைத்துப் போட்ட கணக்கு இது. ஆனால் வீட்டுக் காற்றுக்கு ஹெல்த் கனடா சொல்லும் எல்லை வேறு: 1 மணித்தியாலத்துக்கு 25 பிபிஎம், 24 மணித்தியாலத்துக்கு 10. இந்த இடைவெளிக்குள் குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் இருக்கிறார்கள். ஆகவே பேஸ்மென்டுக்கு எண் காட்டும் திரை உள்ளதாக வாங்கினேன். சில டொலர் கூடத்தான். குழந்தை இருக்கும் வீட்டில் அந்தத் திரை எனக்கு ஆடம்பரமாகத் தெரியவில்லை.

நவம்பர் 15, சனி

மாட்டும் வேலை. “இதையும் கூரையிலதானே போட வேணும்?” என்று இவர் கேட்டார். இந்த வாயுவின் எடையும் காற்றின் எடையும் கிட்டத்தட்ட ஒன்று (மூலக்கூற்று எடை 28, காற்றின் சராசரி 29). மேலே ஏறி நிற்கவும் மாட்டாது, கீழே படியவும் மாட்டாது. காற்றோடு கலந்து போகும். ஆகவே உயரத்துக்கு அந்தந்தக் கருவியின் கையேடு சொல்வதைப் பின்பற்றினால் போதும். யாருடைய காதுக்குக் கேட்கும் என்பதுதான் முக்கியம்.

பேஸ்மென்டில் படுக்கையறைக் கதவுக்கு வெளியே மாட்டினோம். ஃபர்னஸ் அறைக்குள்ளேயே வைக்கக் கூடாது; அடுப்போ ஃபர்னஸோ பற்றும்போது ஒரு கணம் கொஞ்சம் வாயு வரும், அதற்கெல்லாம் அலறத் தொடங்கிவிடும். குளியலறை ஆவியும் திரைச்சீலை மறைப்பும் ஆகாது. மாட்டிய பிறகு தம்பியையும் தங்கச்சியையும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். “அக்கா, பிள்ளை எழும்பிட்டான்!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. சரி, நன்றாகக் கேட்கிறது.

அந்தப் பொத்தான் சோதிப்பது ஒலியையும் பற்றரியையும் மின்சுற்றையும்தான். வாயுவை உணரும் கலம் நல்லபடி இருக்கிறதா என்று அது சொல்லாது. உள்ளே இருப்பது சின்ன மின்வேதிக் கலம்: வாயு படும்போது ஒட்சியேற்றம் நடந்து மெல்லிய மின்னோட்டம் வரும், வாயு கூடினால் மின்னோட்டமும் கூடும். அந்தக் கலம் வருடங்கள் போகப் போகத் தேயும். 7 வருடம், 10 வருடம் என்று திகதி போடுவது அதனால்தான். பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறதே என்று பழையதை வைத்திருப்பவர்களிடம் இதை நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நவம்பர் 22, சனி

ஃபர்னஸ் பார்க்கும் அண்ணா வந்தார். ஒன்ராறியோவில் காஸ் வேலைக்கு டி.எஸ்.எஸ்.ஏ. (மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) சான்றிதழ் வேண்டும், அது உள்ளவராகத்தான் கூப்பிடுவோம். இன்றைக்கு அவர் காட்டியதை விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

ஃபர்னஸ் புது வகை. வெளிக் காற்றைத் தன் குழாயாலேயே இழுத்து, கழிவையும் தன் குழாயாலேயே தள்ளிவிடும். சுடுநீர்த் தாங்கி பழைய வகை. தாங்கியின் தலையில் தொப்பி மாதிரி ஒரு திறப்பு, அதற்கு மேலே புகைக்குழாய். சூடான கழிவு தானாகவே மேலே எழும்பிப் போய்விடும் என்ற நம்பிக்கையில் ஓடுவது. அங்கேதான் எங்கள் சமையல் வந்து குறுக்கே நிற்கிறது. மீன் பொரிக்கும்போது வீடு மணக்கக் கூடாது என்று குசினி எக்ஸோஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் போடுவோம். குளியலறை ஃபேனும் உடுப்புக் காய வைக்கும் மெஷினும் ஓடும். குளிர்காலம், யன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருக்கும். வெளியே தள்ளும் காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். இலகுவான வழி அந்தப் புகைக்குழாய். மேலே போக வேண்டியது திரும்பிப் பேஸ்மென்டுக்குள் இறங்கும்.

அண்ணா எல்லா ஃபேன்களையும் போடச் சொன்னார். கதவு யன்னல் சாத்தினோம். சுடுநீர்க் குழாயைத் திறந்து தாங்கியைப் பற்றவிட்டு, சில நிமிடம் பொறுத்து, சாமி அறையிலிருந்து ஓர் ஊதுபத்தி வாங்கி அந்தத் திறப்புக்குப் பக்கத்தில் பிடித்தார். புகை உள்ளே இழுபட்டால் நல்லது. எங்கள் புகை முதலில் தயங்கி, வெளிப் பக்கமாக வளைந்தது. குசினி ஃபேனின் வேகத்தைக் குறைத்ததும் நேராக உள்ளே போனது.

சுவாலை நல்ல நீலம், மீட்டரிலும் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் காற்றுப் போதாமல் எரிந்தாலோ, புகைக்குழாய் அடைபட்டாலோ காபன் மொனொக்சைட் உண்டாகும், அது வரும் வழி இது என்று கண்ணால் பார்த்துவிட்டேன். வெளிக் காற்று உள்ளே வரத் தனிக் குழாய் போடச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பொரிக்கும்போது குசினி யன்னல் கொஞ்சம் திறந்திருக்கும், குளிரினாலும் பரவாயில்லை.

டிசம்பர் 1, திங்கள்

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் லோரி ஹோக்கின்ஸ் என்ற மாகாணப் பொலிஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் வீட்டிலேயே இறந்தார்கள். காஸ் கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. வீட்டில் காபன் மொனொக்சைட் அலார்ம் இல்லை. லோரியின் மாமா ஜோன் கினியாக் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். அவர் அன்றிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கதைத்தார். 2013இல் ஹோக்கின்ஸ் கினியாக் சட்டம் வந்தது, 2014இல் அலார்ம் கட்டாயமானது. நான் சுவரில் மாட்டியிருப்பதற்குப் பின்னால் அந்த நாலு உயிர்கள் இருக்கின்றன. இன்று அவர்களுக்காக விளக்கேற்றினேன்.

டிசம்பர் 13, சனி

தங்கச்சிக்குத் தலையிடி என்று தம்பி மேலே வந்து சொன்னதும் என் மனம் எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. திரையில் 0. அவளுக்குக் காய்ச்சலும் மூக்கடைப்பும் இருந்தன. தடிமன்தான். ஆனாலும் இருந்து விளக்கினேன்: காய்ச்சல் இல்லாமல் தலையிடி, தலைச்சுற்று, சத்தி, சோர்வு, வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாக, வெளியே போனால் குறைந்து, வீட்டுக்கு வந்தால் கூடும். அப்படியென்றால் தடிமன் என்று நினைத்துப் படுத்துவிடக் கூடாது.

அம்மா கோவிட் காலத்து விரல் மீட்டரை எடுத்து வந்தா. “இதில பார்த்தால் தெரியாதோ?” தெரியாது. இந்த வாயு இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அந்த மீட்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூச்சு முட்டுகிறவருக்கும் 98 காட்டும். ஆஸ்பத்திரியில் இரத்தத்தை எடுத்துத்தான் பார்ப்பார்கள். சாதாரணக் காற்றில் அந்த வாயுவின் பாதி இரத்தத்தை விட்டுப் போக 4, 5 மணித்தியாலம் ஆகும். மாஸ்க் போட்டுச் சுத்த ஒட்சிசன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணித்தியாலம்.

டிசம்பர் 27, சனி

பனி. ஃபர்னஸின் இரண்டு வெள்ளைக் குழாய்களும் பக்கச் சுவரில் தாழ்வாகத்தான் இருக்கின்றன. டிரைவ்வேயில் அள்ளும் பனியை அந்தப் பக்கம் குவிக்க வேண்டாம் என்று இவருக்கும் தம்பிக்கும் சொல்லியாயிற்று.

2026 ஜனவரி 10, சனி

பொங்கல் வருகிறது. கராஜில் காஸ் அடுப்பு வைத்துப் பொங்குவோம் என்று மைத்துனர் ஃபோனில் சொன்னார். கராஜ் அடுப்பு இல்லாத தமிழ் வீடு இங்கே குறைவு, எனக்கும் தெரியும். கதவைத் திறந்து வைக்கலாம்தானே என்கிறார். பாதி திறந்த கதவால் காற்று உள்ளேதான் அடிக்கும். வீட்டுக்குள் போகும் கதவின் இடுக்கு வழியே புகுந்துவிடும். காரைச் சூடாக்க கராஜுக்குள் ஸ்டார்ட் பண்ணி விடுவதும் இதே கதைதான். 2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் மூன்று லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனபோது, குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியவர்களும் கராஜில் ஜெனரேட்டர் ஓட்டியவர்களும் இருந்தார்கள். மாகாணத்தில் உயிர்களும் போயின. கொஞ்ச நேரம் வாக்குவாதப்பட்டோம். கடைசியில் பொங்கல் டிரைவ்வேயில், வெட்டவெளியில். குளிருக்கு எல்லாரும் தடித்த ஜாக்கெட்.

ஜனவரி 17, சனி

வாடகைக்கு இருப்பவர்களுக்கு அலார்மின் கையேட்டைக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. ஆங்கிலக் கையேட்டோடு தமிழில் நானே ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். மூன்று ஒலி, இடைவெளி, மூன்று ஒலி என்றால் புகை. நாலு ஒலி, இடைவெளி, நாலு ஒலி என்றால் காபன் மொனொக்சைட். இடையிடையே ஒரேயொரு கீச் என்றால் பற்றரி, அல்லது ஆயுள் முடிந்துவிட்டது. நாலு கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே. போகிற வழியில் எங்கள் கதவைத் தட்டுங்கள். வெளியே நின்று 911. யன்னல் திறக்கவோ, ஃபர்னஸைப் பார்க்கவோ நிற்க வேண்டாம். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்றாலும், தீயணைப்புப் படை மீட்டரோடு வந்து பார்த்துச் சொல்லும்வரை உள்ளே போக வேண்டாம்.

தம்பி வாசித்துவிட்டுக் கேட்டான்: “அக்கா, உங்கட மேல் அலார்ம் அடிச்சால் எங்களுக்குக் கேக்குமோ?” நல்ல கேள்வி. சோதித்தோம், கேட்கவில்லை. ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி கம்பியில்லாமல் இணையும் வகை இருக்கிறது. மூன்று தளத்துக்கும் அதற்கு மாறப் போகிறோம். இந்தப் புதியவை வீணாகாது. மாமியின் ஏஜாக்ஸ் வீட்டு பேஸ்மென்டில் இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். திரை உள்ளது அவர்களுக்கு. நாளை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், ஏணியும் துளைக்கும் மெஷினும் காரில் ஏற்றியாயிற்று.