பதினொண்ணாம் தேதி என்ன பண்ணுவ?

நான் பி.காம். முடித்தது 2014-ல். அப்போது திருப்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் முப்பது ரூபாய் கொடுத்து அடித்து வாங்கிய ரெஸ்யூமேதான் பத்து வருசம் என்னோடு வந்தது. கடைக்காரர் வைத்திருந்த ஃபார்மட்டில் என் பேர், அப்பா பேர், மார்க் மூன்றையும் மாற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான். ஹாபி என்ற இடத்தில் தபால்தலை சேகரிப்பு என்று இருந்தது. நான் ஒரு ஸ்டாம்ப் கூடச் சேர்த்தவன் இல்லை, எனக்கு முன்னால் அதே ஃபார்மட்டில் அடித்துப் போன யாரோ ஒரு புண்ணியவானுடைய ஹாபி அது. முதல் வேலை மாமா சொல்லிக் கிடைத்ததால் அந்தத் தாளை யாரும் படிக்கவே இல்லை.

ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் எட்டு வருசம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். அப்புறம் வேலையை விட்டுவிட்டு மச்சானோடு சேர்ந்து டிபன் கடை போட்டு, பதினாலு மாசத்தில் மூடி, 2024 தொடக்கத்தில் மறுபடியும் வேலை தேட உட்கார்ந்தபோதுதான் ரெஸ்யூமே என்றால் என்ன என்றே தெரிய ஆரம்பித்தது. நாற்பது இடத்துக்கு மேல் போட்டேன். வந்தது மூன்று போன், அதில் இரண்டு இன்சூரன்ஸ் பாலிசி பிடித்துத் தரச் சொல்லி.

சரி, டிசைன்தான் பழசு போல என்று இலவசமாகக் கிடைத்த ஒரு டெம்ப்ளேட்டை இறக்கினேன். இடது பக்கம் நீலப் பட்டை, அதில் போட்டோ, போன் நம்பர், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேருக்கு ஐந்து ஸ்டார், எக்செலுக்கு நாலு ஸ்டார். பார்க்க ஜோராக இருந்தது. எங்கள் கம்பெனிக்கு ஆடிட் பண்ண வந்துகொண்டிருந்த ஆபீஸில் சீனியராக இருக்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். "இந்த ஸ்டார் எல்லாம் யாரு தம்பி குடுத்தது?" என்றார். அப்புறம் அந்த பிடிஎஃப்பைத் திறந்து மொத்தத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிக் காட்டினார். இடது பத்தியும் வலது பத்தியும் வரிக்கு வரி கலந்து, என் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் கம்பெனி பேர், ஸ்டார் எல்லாம் வெறும் கட்டம், போன் நம்பர் படத்துக்குள் இருந்ததால் வரவே இல்லை. பெரிய கம்பெனிகளில் முதலில் சாஃப்ட்வேர்தான் படிக்கிறது, அதன் கண்ணில் நாம் இப்படித்தான் தெரியலாம் என்றார். போன் நம்பரே இல்லாதவனை யார் கூப்பிடுவார்கள்!

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த கேள்வி. வேலை விவரத்தில் நான் எழுதியிருந்தது 'டேலி, ஜிஎஸ்டி, எம்எஸ் ஆபீஸ்' என்று ஒரே வரி. "இதெல்லாம் எல்லாரும் போடறதுதானப்பா. மாசம் பதினொண்ணாம் தேதி நீ என்ன பண்ணுவ?"

அதைக் கேட்டதும் வாய் தானாகத் திறந்தது. பதினொன்றுக்குள் போன மாச விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 போடணும், அதற்கு முன்னால் ஒவ்வொரு எக்ஸ்போர்ட் இன்வாய்ஸையும் கஸ்டம்ஸில் கொடுத்த ஷிப்பிங் பில்லோடு வைத்து நம்பர் பார்க்கணும், ஒரு எழுத்து மாறினாலும் எஸ்பி005 என்று எர்ரர் விழுந்து ஏற்றுமதிக்குக் கட்டிய ஐஜிஎஸ்டி வரி ரீஃபண்ட் நின்றுவிடும். பதினாலாம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வந்ததும் பர்ச்சேஸோடு ஒப்பிட்டு, பில் ஏற்றாத நூல்காரருக்குப் போன் போடணும், இருபதுக்குள் வரி கட்டும் ரிட்டர்னான 3பி. நடுவில் டையிங், பிரிண்டிங்குக்கு வெளியே போன துணியின் டிசி (டெலிவரி சலான்) எது திரும்பியது, எது திரும்பவில்லை என்ற கணக்கு. "இதையெல்லாம் எங்க எழுதியிருக்க?" என்றார். எங்கேயும் இல்லை. தினமும் செய்ததால் அதை ஒரு வேலையாகவே நான் நினைத்ததில்லை.

அன்று ராத்திரியே வெறும் வேர்ட் ஃபைலில், ஒரே பத்தியாக, படம் கட்டம் எதுவும் இல்லாமல் எழுதினேன். மாதம் ஏறக்குறைய 300 பர்ச்சேஸ் பில், டையிங், பிரிண்டிங் செய்து தரும் 14 ஜாப் ஒர்க் யூனிட் கணக்கு என்று எண்ணோடு. முதலில் கெத்துக்கு 500 என்று போட்டிருந்தேன், இன்டர்வியூவில் குடைந்தால் முழிப்பேன் என்று பழைய ஆபீஸ் நண்பரிடம் கேட்டுக் குறைத்தேன். உறுதிமொழி, மதம், அப்பா பேர், தபால்தலை எல்லாம் போய்விட்டது.

இன்னொன்று, விளம்பரத்தில் இருக்கும் சொல். சப்ளையர் கணக்கும் நம் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதை நாங்கள் 'பார்ட்டி லெட்ஜர் டேலி பண்றது' என்போம், அதையே கோயம்புத்தூர் கம்பெனிக்காரர்கள் 'வெண்டர் ரிகன்சிலியேஷன்' என்று கேட்டிருந்தார்கள். அது ஏதோ பெரிய படிப்பு என்று அதுவரை அந்த விளம்பரங்களைத் தாண்டிப் போயிருக்கிறேன்! ஒவ்வொரு இடத்துக்கும் அவர்கள் சொல்லையே எடுத்து இரண்டு மூன்று வரி மாற்றி அனுப்பினேன். இடத்துக்கு இருபது நிமிசம் ஆகும், அலுப்பாகத்தான் இருக்கும்.

டிபன் கடைதான் பெரிய இழுபறி. வெட்கமாக இருந்ததால் பழைய கம்பெனியிலேயே 2024 வரை இருந்த மாதிரி தேதியை நீட்டியிருந்தேன். அண்ணன் திட்டிவிட்டார், பிஎஃப் கணக்கைப் பார்த்தால் வேலையை விட்ட தேதி பளிச்சென்று இருக்கும். கடைசியில் உள்ளதை உள்ளபடி இரண்டு வரி: சொந்த டிபன் கடை, 14 மாதம், தினசரி கேஷ், சப்ளையர் கணக்கு.

ஒன்பது இடம் போட்டதில் நாலு போன், இரண்டு இன்டர்வியூ. இரண்டாவது இடத்தில் ஃபைனான்ஸ் மேனேஜர் ஜிஎஸ்டியை ஐந்து நிமிசத்தில் முடித்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டார். ஏன் மூடினீங்க என்றார். பக்கத்து கம்பெனி ஆட்களுக்குக் கணக்கு வைத்துப் பார்சல் கொடுத்தோம், வசூலாகவில்லை என்றேன்.

"எவ்வளவு நின்னுச்சு?"

"எழுபத்தெட்டாயிரம் சார்."

"எத்தனை நாள் கிரெடிட் குடுத்தீங்க?"

"கேக்கவே இல்லீங்க சார். அங்கதான் தப்பு."

சிரித்துவிட்டார். அடுத்த ஒண்ணாம் தேதியிலிருந்து வரச் சொன்னார்கள். எனக்கு அங்கே முதலில் கொடுத்த வேலை, வெளியே நிற்கும் பாக்கியை வசூலிப்பது.