சோழனுக்குச் சீனர்கள் வைத்த வண்டி எழுத்து

சோழ நாட்டைப் பழைய சீன நூல்களில் 'ஜூ-நியென்' என்று இரண்டே எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். முதல் எழுத்தை விடுங்கள், எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். சீனாவிலேயே இன்றைக்கு அது அன்றாடம் புழங்குவதில்லை, ராஜா ராணிக் கதைகளில் வந்தால் உண்டு.

மொத்தம் 15 கோடுகள். கீழ்ப்பாதி ஒரு வண்டி: நடுவில் பெட்டி, மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகிற அச்சு, அதாவது வண்டியை உச்சியிலிருந்து பார்த்து வரைந்து அப்படியே நிமிர்த்தி வைத்த மாதிரி. அதன் தலைமேல் இரண்டு ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொருவர் தலையிலும் குறுக்கே ஒரு கோடு இருக்கும், அது கொண்டை ஊசி. அங்கே வளர்ந்த ஆண்பிள்ளை என்பதற்கு அதுதான் அடையாளம். கி.பி. 100 வாக்கில் அகராதி தொகுத்த ஷூ ஷென்னும், வண்டிக்கு முன்னால் நின்று இரண்டு பேர் இழுப்பது என்றுதான் விளக்கம் சொல்கிறார்.

ஆரம்பத்தில் ஆள் இழுக்கிற எந்த வண்டிக்கும் இந்தப் பெயர்தான். அப்புறம் சின், ஹான் வம்சங்களின் காலத்தில் பேரரசர் ஏறுகிற வண்டிக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. ஆனால் எழுத்தில் இருப்பது இழுக்கிறவர்கள்தான், ஏறி உட்கார்ந்தவரைக் காணோம்!

திருவாரூர்க்காரர்களுக்கு இதைப் பார்த்ததும் ஆழித்தேர் ஞாபகம் வராமல் இருக்காது. 96 அடித் தேர், முன்னால் வடம் பிடிக்கிற கூட்டம், இப்போது பின்னால் புல்டோசர் தள்ளுகிறது என்றாலும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் பாடு பாடுதான். அதற்காக நம்ம தேரைப் பார்த்துத்தான் சீனாக்காரன் அந்த எழுத்தைப் போட்டான் என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீர்கள், ஓசைக்காக எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அதை 'லியென்' என்பதுபோல உச்சரித்தார்கள். ஜப்பானில் இன்றும் 'ரென்', கான்டனில் 'லின்'. 'ஜூ-லியென்' என்று சொல்லிப் பாருங்கள், சோழியன் என்று கேட்கிறதா இல்லையா? எனக்குக் கேட்கிறது.

சொங் வம்ச வரலாற்றில் நம்மூர்த் தூதர்கள் 1015ல் சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்த கதை வருகிறது. அனுப்பிய அரசன் பெயர் 'லோ-சா-லோ-ஜா', வேறு யார், ராஜராஜன்தான். தென்சீனத் துறைமுகமான குவாங்சோ போய்ச் சேரவே 1150 நாள் ஆயிற்றாம். அதற்குள் இங்கே அவர் காலமாகி ராஜேந்திரன் பட்டத்துக்கு வந்தாயிற்று, அங்கேயோ பழைய ராஜா பெயரிலேயே முத்தையும் யானைத் தந்தத்தையும் வரவு வைத்துக்கொண்டார்கள்.