ஒரே மாட்டுக்குள் இரண்டு அனபிளாஸ்மா: ரிப்போர்ட் சொல்லாமல் விட்டது

இறைச்சி மாடுகளின் ரத்தத்தில் இருந்து சோகை உண்டாக்கும், உண்ணி பரப்பும் அனபிளாஸ்மா மார்ஜினேல் என்ற பாக்டீரியாக் கிருமியை மரபணு வகைவாரியாகப் பிரிக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. செய்முறை எல்லாம் ஆய்வுக் கட்டுரைகளில் கிடைக்கும். எங்கே மாட்டிக்கொள்வோம் என்பது கிடைக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அனுமதி வாங்குவது, பண்ணைக்காரர்களிடம் பேசுவது எல்லாம் சுலபமாக நடந்தது. முதல் அடி ரத்தக் குழாயில் விழுந்தது. ஈ.டி.டி.ஏ. போட்ட ஊதா மூடிக் குழாய் வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஸ்டோரில் இருந்தவர், "ரெண்டுமே ரத்தம் உறையாமல் இருக்கத்தானே" என்று ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய்களைப் பண்ணைக்கு அனுப்பிவிட்டார். மரபணுத் துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். வேலையைச் செய்யும் நொதியை ஹெப்பாரின் முடக்கிவிடும். காது ரத்த நாளத்திலிருந்து எடுத்த ரத்தப் பூச்சில், சிவப்பணுக்களின் விளிம்பை ஒட்டிக் கரும்புள்ளிகளாகக் கிருமி தெரிந்த மாட்டுக்குக்கூட பெருக்கிய டி.என்.ஏ.வை நீளவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லில் ஒரு கோடும் வரவில்லை.

மறுபடி பண்ணைக்குப் போனால், அதற்குள் சில மாடுகளுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி போட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சோகை பிடித்து வெளுத்து நிற்கும் மாட்டை யார் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஆனால் மருந்துக்குப் பிறகு ரத்தத்தில் கிருமி வெகுவாகக் குறைந்துவிடும், பி.சி.ஆரில் பிடிப்பது கஷ்டம். அந்த மாடுகளை விட்டுவிட வேண்டியதாயிற்று. குழாய்களை நீங்களே கையோடு கொண்டுபோங்கள். வேறு யார் மூலமும் அனுப்பாதீர்கள்.

எந்த மரபணுவைப் படிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். 16எஸ் என்ற மரபணு மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள். அனபிளாஸ்மாவின் மார்ஜினேல், சென்ட்ரேல், ஓவிஸ் என்ற மூன்று இனங்களுக்கும் அது 99 சதவீதத்துக்கு மேல் ஒன்றாகவே இருக்கும். உள்வகைகளைப் பிரிக்க எம்.எஸ்.பி.1ஏ மரபணுதான் சரி. அது உண்டாக்கும் புரதத்தின் தொடக்கத்தில் பெரும்பாலும் 28, 29 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை, எந்த வரிசையில் என்பதுதான் வகையின் அடையாளம். கிருமி உண்ணியின் செல்களில் ஒட்டிக்கொள்வதும் இந்தப் புரதத்தை வைத்துத்தான்.

இரண்டாவது அடிதான் இன்னும் வலிக்கிறது. ஒரு மாட்டின் மாதிரியில் ஜெல்லில் நெருக்கமாக இரண்டு கோடுகள், மேலே இருந்தது மங்கலாக. இரண்டு வகைகள் கலந்திருக்கலாம் என்று அப்போதே சந்தேகம். சீக்வென்ஸ் செய்து, அதாவது டி.என்.ஏ. எழுத்து வரிசையைப் படித்துக் கொடுத்த இடத்திலிருந்து "தரம் நன்று" என்ற குறிப்போடு வெறும் எழுத்துக் கோப்பு வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் கருவி வரைந்த சிகரங்கள் தெரியும் ஏபி1 என்ற மூலக் கோப்பைக் கேட்டேன். "ரிப்போர்ட்தான் அனுப்பிட்டோமே, அது எதுக்கு?" என்றார்கள். விடாமல் கேட்டபிறகு ஒரு மங்கலான படம். கடைசியில்தான் கோப்பு.

திறந்து பார்த்தால், முதல் சில துண்டுகள் வரை சிகரங்கள் சுத்தமாக இருக்கின்றன. ஒரு வகையில் துண்டுகள் முடிந்து, இன்னொன்றில் தொடரும் இடத்திலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சிகரங்கள். மென்பொருள் ஒவ்வோர் இடத்திலும் உயரமானதை எடுத்துக் கோத்திருக்கிறது. அப்படிக் கிடைத்த வரிசை எந்தக் கிருமியுடையதும் அல்ல! அதை நம்பியிருந்தால் உலகில் இல்லாத ஒரு "புதிய வகை" தரவுத்தளத்தில் ஏறியிருக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே ஏபி1 கோப்பு கட்டாயம் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் குளோனிங்: டி.என்.ஏ. துண்டுகளை ஒவ்வொன்றாக ஆய்வகப் பாக்டீரியாவுக்குள் ஏற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கூட்டமாக (காலனி) வளர்ப்பது. காலனிகளைத் தனித்தனியாகப் படித்ததில் இரண்டு வகைகளும் பிரிந்து வந்தன, நீளத்தில் ஒரே ஒரு துண்டு வித்தியாசத்தோடு. அன்று வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. இங்கும் ஓர் எச்சரிக்கை: திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில் பி.சி.ஆரே இரண்டு வகைகளை ஒட்டிக் கலப்பு ஒன்றை உண்டாக்கிவிடும். ஒரே ஒரு காலனியில் மட்டும் தென்படும் வகையை நம்பாதீர்கள். தனியாக இன்னொரு பி.சி.ஆர். ஓட்டி, அதிலும் வந்தால் மட்டும் கணக்கில் சேருங்கள்.

ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் பதிவதில் சிக்கல் இல்லை. அனுப்பும் முன் வரிசையைப் புரதமாக மாற்றிப் பாருங்கள். புரதம் அங்கேயே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறியீடு நடுவில் வந்தால் விளக்கம் கேட்டு எழுதுவார்கள்.